'த' காட்டுவது எந்த ஆனையை?

களுவாஞ்சிக்குடியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருந்தாள்: "ஆங்கிலத்தில் 'த எலிபன்ட் ஈட்ஸ் கிராஸ்' (The elephant eats grass) என்றால் எந்த ஆனை? 'த' என்றால் 'அந்த' என்றுதானே ரியூஷனில் சொல்லித் தந்தார்கள்?"

படுவான்கரையில் வயல் செய்கிறவரிடம் 'த எலிபன்ட்' என்றால், நேற்று ராவு வேலியைப் பிரித்த ஆனைதான் அவர் நினைவுக்கு வரும். விலங்கியல் புத்தகத்தில் அதே இரண்டு சொல்லும் உலகத்து ஆனைகள் அத்தனையையும் குறிக்கும். ஒன்றுக்கும் அதுதான், எல்லாவற்றுக்கும் அதுதான் என்றால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

'அந்த' என்று சொல்லித் தந்தவரில் முழுப் பிழையும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் சுட்டுச்சொல்லாக இருந்ததுதான் தேய்ந்து 'த' ஆனது. ஆனால் தேய்ந்த பிறகு அதன் வேலை மாறிவிட்டது. இப்போது அது கேட்பது ஒன்றைத்தான்: பேசுகிறவரும் கேட்கிறவரும் மயங்காமல் பிடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று இருக்கிறதா? இந்த 'ஒன்றே ஒன்று' என்ற நிபந்தனையை 1905இல் ஆங்கிலத் தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசல் தர்க்கமாகவே எழுதிக் காட்டினார்.

வேலி பிரித்த ஆனை ஒன்று. சரி, ஆனை இனம்? பிள்ளைகளின் பேர் எழுதிவைக்கும் வகுப்பு இடாப்பைப் போல மிருகங்களுக்கும் ஒரு இடாப்பு இருக்கிறதென்று வையுங்கள். கரடிக்கு ஒரு வரி, மானுக்கு ஒரு வரி, ஆனைக்கு ஒரு வரி. காட்டில் ஆயிரம் ஆனை நிற்கலாம், இடாப்பில் ஆனை ஒன்றுதான். புத்தகத்து 'த' விரலை வைப்பது அந்த வரியில். ஆக, 'த'வுக்கு இரண்டு பொருள் இல்லை. அது பார்க்கும் இடம்தான் இரண்டு: காடு, இடாப்பு.

நம்பிக்கை வராவிட்டால் டோடோப் பறவையைப் பாருங்கள். 'த டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்' (டோடோ அற்றுப்போய்விட்டது) சரி, 'எ டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்' பிழை. ஒரு பறவை சாகும், அற்றுப்போகாது. அற்றுப்போவது இடாப்பின் வரி. ஆனைக்கு முன்னால் 'நொண்டி' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். 'த லேம் எலிபன்ட்' என்றதும் இடாப்பு மூடிக்கொள்ளும், ஏனென்றால் நொண்டி ஆனைக்கென்று அதில் வரி கிடையாது. வயலோரம் நிற்கிற அந்த ஒன்றுதான் மிச்சம்.

தமிழில் 'த' இல்லையே, நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? "மீன் வாங்கித்து வா மனே" என்று அம்மா சொன்னால் எந்த மீனும் சரி. "அந்த" என்று சொல்லாமலே "மீனை வாங்கித்து வா" என்றால் ஏற்கெனவே பேசிவைத்த மீன். ஒற்றை 'ஐ' போதும். பொதுவாகச் சொல்வதற்கு நம்மிடம் வினையில் ஒரு 'உம்' இருக்கிறது. "ஆனை புல்லுத் தின்னுது" என்றால் கண்முன் நிற்கும் ஆனை. "ஆனை புல்லுத் தின்னும்" என்றால் இடாப்பு ஆனை. (நாளைக்கு நடக்கப்போவதற்கும் இதே 'உம்' வரும், அது வேறு கதை.) ஆங்கிலம் பெயருக்கு முன்னால் செய்வதில் பாதியை நாம் வினையின் வாலில் செய்கிறோம். ரியூஷனில் இதையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நம் மட்டக்களப்பையே 'மீன் பாடும் தேன்நாடு' என்கிறோம், அதிலும் அந்த 'உம்'தான். ஆங்கிலத்தில் 'த சிங்கிங் பிஷ்' என்று எழுதும்போது வருவது இடாப்பு 'த'. அப்படியொரு மீனினம் இருக்கிறதென்று அது சத்தமில்லாமல் நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறது. 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இங்கே வந்து வாவியில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஓட்டுக்குள் வாழும் ஊரியை. பாடுவது எது என்று அறிய, வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தடியில் ஒரு நீரொலிவாங்கியை இறக்கி, வருடம் முழுக்கப் பதிவு செய்ய யாராவது காசு தரவேண்டும். பாடும் மீனுக்குச் சிலை வைக்க மட்டும் எப்படியோ காசு வந்துவிடுகிறது.