மீன் வாங்கினியா, மீனை வாங்கினியா?

காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடையோடு வருகிறவரை நிறுத்தி என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் "மீன் வாங்கினேன்" என்பார், "மீனை வாங்கினேன்" என்று சொல்ல மாட்டார். ஆனால் நேற்றே சொல்லிவைத்த வஞ்சிரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த மீனை என்ன பண்ணே?" என்று ஒரு ஐ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்று யாரும் யோசித்துப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பெயர் சொல்லித் தந்தார்கள், இரண்டாம் வேற்றுமைத் தொகை. "பால் குடித்தான்" என்பதில் ஐ மறைந்து நிற்கிறதாம், விரித்தால் "பாலைக் குடித்தான்" ஆகுமாம். தொகையில் வல்லினம் மிகாது, விரித்தால் மிகும் என்பதையும் சேர்த்து எழுதினால் மார்க் கிடைக்கும். சரி, ஆனால் இந்த 'மறைந்து' என்ற விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. மறைந்திருப்பதை வெளியே எடுத்து வைத்தால் பொருள் மாறக் கூடாது அல்லவா? ராயபுரத்தில் ஒரு வீட்டில் "மாப்பிள்ளை பார்க்கிறோம்" என்றால் இன்னும் வரன் அமையவில்லை என்று பொருள். "மாப்பிள்ளையைப் பார்க்கிறோம்" என்றால் அமைந்துவிட்டார், எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டும் இருக்கலாம். படகுக்காரர் "ஆள் தேடுகிறேன்" என்றால் வலை இழுக்க யாராவது வந்தால் போதும். "ஆளைத் தேடுகிறேன்" என்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிய ஒருத்தரைத் தேடுகிறார் என்று அர்த்தம். ஐ இல்லாத இடமும் ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

அஃறிணைக்குத்தான் இந்தச் சலுகை. "பாரிமுனையில் ஒரு படம் பார்த்தேன்" சரி, "பாரிமுனையில் ஒரு பையன் பார்த்தேன்" என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார், அந்தப் பையன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் 'பையனை'தான். ஆக இரண்டு கேள்விகள் உள்ளே ஓடுகின்றன: அது மனிதரா, கேட்பவருக்கு எது என்று தெரிந்த ஒன்றா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலே ஐ வரப் பார்க்கும். மாப்பிள்ளையும் ஆளும் விதிவிலக்கு மாதிரி தெரிந்தாலும், அங்கே குறிப்பிட்ட மனிதர் யாரும் இன்னும் இல்லை, வெறும் காலியிடம்தான் இருக்கிறது.

ஸ்பானிஷில் டாக்டர் யாராவது கிடைப்பாரா என்று தேடினால் "புஸ்கோ உன் மேடிகோ", குறிப்பிட்ட ஒரு டாக்டரைத் தேடினால் "புஸ்கோ ஆ உன் மேடிகோ". நம் படகுக்காரர் கதையேதான், ஐ-க்குப் பதில் முன்னால் ஒரு 'ஆ'. துருக்கியில் "கிதாப் ஒகுதும்" என்றால் ஏதோ புத்தகம் படித்தேன், "கிதாபி ஒகுதும்" என்றால் அந்தப் புத்தகத்தை. சௌகார்பேட்டைக் கடைகளில் காதில் விழும் இந்தியின் 'கோ'வும் இதே வேலைதான் செய்கிறது. இவற்றில் எதுவும் தமிழுக்கு உறவுமொழி இல்லை. ஜெர்மானிய மொழியியலாளர் கியோர்க் போஸோங் 1980களில் இந்தப் போக்குக்கே தனியாக ஒரு பெயர் வைக்கும் அளவுக்கு இது உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. சொல்லின் ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்று சுவிஸ் மொழியியலாளர் சசூர் சொன்னது (அவர் இறந்தபின் 1916இல் அச்சான பாடங்களில்) இந்த ஐ, ஆ, கோ எல்லாவற்றுக்கும் பொருந்தும், எந்த ஒலி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் மொழிகள் இப்படி ஒத்துப்போகின்றன.

ஏன்? முதலில் தோன்றும் பதில், குழப்பம் வராமல் இருக்க. வலையைப் பையன் இழுத்தானா, பையனை வலை இழுத்ததா என்ற சந்தேகம் வந்துவிடக் கூடாதாம். இது பாதிதான் சரி, ஏனென்றால் "பையன் பார்த்தேன்" என்பதில் பார்த்தது நான்தான் என்று வினையின் கடைசியில் இருக்கும் 'ஏன்' ஏற்கெனவே சொல்லிவிட்டது, குழப்பமே இல்லை, அப்போதும் ஐ கட்டாயம்.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது மார்ட்டின் ஹாஸ்பெல்மத் போன்ற மொழியியலாளர்கள் சொல்வது. நாம் பேசும் வாக்கியங்களில் செய்கிறவர் பெரும்பாலும் மனிதர், செயலுக்கு ஆட்படுவது பெரும்பாலும் பொருள். அடிக்கடி வருவதைக் கேட்பவர் தானே ஊகித்துக்கொள்வார், அதற்கு அடையாளம் எதற்கு? வழக்கத்துக்கு மாறாக மனிதர் அந்த இடத்துக்கு வரும்போதுதான் கூடுதலாக ஓர் ஒலியைச் செலவழிக்கிறோம். அப்புறம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சிக்கனமே பழகிப்போய் விதியாக இறுகிவிடுகிறது, அதனால்தான் தேவையில்லாத இடத்திலும் ஐயை விட முடிவதில்லை. ஒருமை பன்மையிலும் இதே சிக்கனம்தான்: உலக மொழிகளில் பன்மைக்குத்தான் பொதுவாக விகுதி சேரும், அடிக்கடி வரும் ஒருமை சும்மா நிற்கும். ஆனால் வேல்ஸ் மொழியில் பறவைக்கு இது தலைகீழ்: 'அடார்' என்றால் பறவைகள், ஒரே ஒரு பறவை வேண்டுமென்றால் நீட்டி 'அடேரின்' என்று சொல்ல வேண்டும். கூட்டமாகவே பேச்சில் வருகிறவற்றுக்குப் பன்மை குட்டையாகிவிட்டது.

எல்லா மொழியும் இப்படி இல்லை. ஆங்கிலம் சொல்வரிசையை வைத்தே ஓட்டிவிடுகிறது. ஹங்கேரிய மொழியில் தெரிந்த பொருளா தெரியாத பொருளா என்பதற்கேற்ப வினையின் விகுதியே மாறுகிறது.

இடத்தைச் சொல்லும்போது தமிழில் இதே கணக்கு திரும்பிப் படுக்கிறது. மனிதர் என்பவர் நாம் போய்ச் சேருகிற இடமாக வருவது குறைவு, அதனால் கடைக்கு 'இல்' போதும், அக்காவுக்கு 'கிட்ட' வேண்டும்: கடையில் வாங்கினேன், அக்காகிட்ட வாங்கினேன். 'அக்காவில் வாங்கினேன்' என்று வராது. ஊர்ப்பெயருக்கோ அந்த 'இல்', 'கு' கூடப் பல சமயம் வேண்டாம். பஸ்ஸில் கண்டக்டரிடம் "மூலக்கடை ஒண்ணு" என்றாலே டிக்கெட் கைக்கு வந்துவிடும், வழியில் யாராவது கேட்டால் "கல்மண்டபம் போறேன்" என்று மொட்டையாகச் சொல்லலாம். "டாக்டர் போறேன்" என்று சொன்னால் கேட்டவர் நம்மையே டாக்டர் என்று நினைத்து முட்டிவலிக்கு மாத்திரை கேட்பார்.