லேய்: பூமாலை மட்டும்தானா?

ஹவாய் என்றதும் கழுத்தில் வண்ணப் பூமாலையோடு நிற்கும் சுற்றுலாப் பயணிதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அந்த மாலைக்குப் பெயர் லேய். தமிழில் எழுதும்போது ‘பூமாலை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம், ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான நீஹாவுக்குப் போனால் அந்தச் சொல் நிற்காது.

நீஹாவ் சுமார் 180 சதுர கிலோமீட்டர் கொண்ட சின்னத் தீவு. பக்கத்தில் இருக்கும் கவாய் தீவின் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் மண் வறண்டு கிடக்கிறது, மாலை தொடுக்கும் அளவுக்குப் பூக்களுக்கு எங்கே போவது? அங்கே லேய் என்றால் கடற்கரையில் பொறுக்கிய பொடிச் சங்குகளைக் கோத்தது. சங்குக்கு ஹவாய் மொழியில் பூபூ என்று பெயர், அதனால் லேய் பூபூ.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஹவாய் மொழியும் சேர்ந்த பாலினீசிய மொழிகள் பலவற்றில் இதற்கு உறவு உண்டு. சமோவா மொழியில் ‘லேய்’ என்றால் திமிங்கிலப் பல், தந்தம். நியூசிலாந்தின் மவோரி மொழியில் அதுவே ‘ரேய்’. ஈஸ்டர் தீவில் மரத்தால் செய்த மார்பணிக்கு ‘ரேய் மீரோ’ என்று பெயர். ஆக, முதலில் கழுத்தில் தொங்கவிடும் பல்லைக் குறித்த சொல் ஹவாயில் பூ, இலை, இறகு, சங்கு என்று எதைக் கோத்துப் போட்டாலும் பொருந்தும்படி விரிந்திருக்கிறது.

நீஹாவ் சங்குகளின் பெயர்களும் அழகு. மோமி என்றால் முத்து. லாய்கி என்றால் அரிசி: ஹவாய் மொழியில் ரகரமும் ஸகரமும் இல்லாததால் ‘ரைஸ்’ அங்கே போய் லாய்கி ஆகிவிட்டது. (ரைஸுக்கே மூலம் நம் அரிசிதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை, அது தனிக் கதை.) மூன்றாவது கஹேலெலானி, பழைய தலைவர் ஒருவரின் பெயர். இந்தச் சங்கு கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது என்று சொல்லலாம். குளிர்கால அலைகள் ஒதுக்கும் இவற்றை மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். அப்புறம் அளவு பார்த்து, நிறம் பார்த்துப் பிரித்து, குத்தூசியால் கையாலேயே துளை போட வேண்டும், அதில் நிறைய உடைந்துபோகும். ஒரு சரம் முடிய மாதக்கணக்கில் ஆவதும் உண்டு, நல்ல மாலை பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

1864 முதல் இந்தத் தீவு ஒரே குடும்பத்தின் சொத்து. ஹவாய் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவிடமிருந்து 10,000 டாலர் பொன் கொடுத்து வாங்கினார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே 84 பேர்தான், இன்றும் ஹவாய் மொழிதான் அவர்களின் வீட்டுமொழி. கால்நடைப் பண்ணை 1999இல் மூடப்பட்ட பிறகு, சொந்தக் கைத்தொழிலாக மிஞ்சிய வருமானத்தில் இந்த மாலைக்குப் பெரிய பங்கு. போலிகள் பெருகியதால் 2004இல் ஹவாய் மாநிலம் நீஹாவ் சங்கு என்ற பெயரைக் காக்க ஒரு சட்டமே போட்டது. இவ்வளவு உழைப்புக்கு அந்தக் காப்பு நியாயம்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? பூவைத் தொடுக்கிறோம், முத்தையும் மணியையும் கோக்கிறோம். கோத்தது கோவை. எனவே லேய் பூபூவுக்குச் ‘சங்குக்கோவை’ என்பதே எனக்குப் பிடித்த சொல். ‘சோழி மாலை’ என்று எழுதாதீர்கள், சோழி வேறு உயிர். தலையில் சூடும் லேய்க்கு நம் பழைய ‘கண்ணி’ கச்சிதமாகப் பொருந்தும். பொதுவாகச் சொல்ல ‘மாலை’ போதும், ‘பூ’வை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பொருளும் இருக்கிறது. ஹவாய் மொழியில் செல்லப் பிள்ளையையும் லேய் என்பார்கள். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டால் இரண்டு காலும் அப்பாவின் நெஞ்சில் இருபக்கமும் தொங்குமே, அந்தக் காட்சிதான் அந்தப் பொருளுக்குக் காரணம். தமிழில் ‘கோதை’ மாலைக்கும் பெயர், பெண்ணுக்கும் பெயர், ஆண்டாளுக்கும் பெயர். ஆகவே ஹவாய்ப் பாட்டில் ‘குஉ லேய்’ என்று வந்து அது மகளைக் குறித்தால் ‘என் கோதை’ என்று தயங்காமல் எழுதலாம். மகன் என்றால் ‘என் செல்லமே’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும், மாலை அங்கே கழன்றுவிடுகிறது.