என்.டி. ஃபில்டர் வாங்க முதல் தண்ணியப் பாருங்க

மாரி தொடங்கி உன்னிச்சைக் குளத்தில வான் கதவு திறந்திட்டாங்க எண்டு கதை வந்தாக் காணும், "அண்ணே, படத்தில தண்ணி பால் மாதிரி வாறதுக்கு எந்த என்.டி. ஃபில்டர், 1000 நம்பர்தானே வாங்கணும்?" எண்டு பொடியன்மார் மெசேஜ் போடத் தொடங்கிருவாங்க. என்ட தொழில் கல்யாண வீடு எடுக்கிறது, ஆனா தண்ணிப் படம் எண்டா விசர், அதால எல்லாருக்கும் சேத்து இதுல எழுதுறன்.

என்.டி. ஃபில்டர் லென்ஸுக்குள்ள போற வெளிச்சத்தக் குறைக்கும், வேற வேலை இல்ல. ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் வெளிச்சம் பாதியாகும், ஷட்டர் நேரம் ரெண்டு மடங்காகும். ஃபில்டர்ல போட்டிருக்கிற நம்பர் 8 எண்டா மூணு ஸ்டொப், 64 எண்டா ஆறு, 1000 எண்டா பத்து. மப்பான நாள்ல ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சம் புடிக்கிற அளவு) 100, லென்ஸ் ஓட்டை எஃப் 11 வச்சா ஃபில்டர் இல்லாம 1/60 செக்கன் அளவில வரும், அதுக்கு 64 போட்டா ஒரு செக்கன், 1000 போட்டா 17 செக்கன்.

வான் பாயுற தண்ணிக்கு 17 செக்கன் என்னத்துக்கு தம்பி? மாரித் தண்ணி மண்ணோட கலங்கித்தான் வரும், அத அவ்வளவு நேரம் விட்டா பால் தேத்தண்ணி ஊத்தி வச்ச மாதிரி தட்டையாக் கிடக்கும், சுழியும் தெரியாது நுரையும் தெரியாது. வேகமா விழுற தண்ணிக்கு கால் செக்கன்ல இருந்து ஒரு செக்கன் காணும், அதுலதான் இழை இழையா ஓடுறது தெரியும். எனக்குப் புடிச்சது 8ஓட ஒரு போலரைசர் ஃபில்டர், ரெண்டும் சேந்து அரை செக்கனுக்குக் கொண்டு போயிரும், ஈரக் கல்லில அடிக்கிற பளபளப்பையும் போலரைசர் எடுத்திரும், அந்த வேலைய எந்த என்.டி.யும் செய்யாது. கல்லடிக் கடற்கரைல அலை அடிச்சிட்டு திரும்பி இழுக்கிற நேரமும் அரை செக்கன்தான். பாசிக்குடா வேற, அங்க தண்ணி பெரிசா அசையாது, முப்பது செக்கன் விட்டு கண்ணாடி மாதிரி ஆக்கோணும் எண்டா அங்க 1000 பிரயோசனம்.

காசு மிச்சம் புடிக்க ஃபில்டர் வாங்காம லென்ஸ் ஓட்டைய எஃப் 22க்கு மூடுற ஆக்களும் இருக்காங்க, நேரம் கூடும்தான், ஆனா படம் மொத்தமா மங்கிரும். திருப்பித் திருப்பி இருட்டாக்கிற வேரியபிள் ஃபில்டர் உண்மைல ரெண்டு போலரைசர், அகலமா எடுக்கிற வைட் லென்ஸில கடைசி வரைக்கும் திருப்பினா படத்துக்குக் குறுக்கால கறுப்புப் பெருக்கல் அடையாளம் விழும். மலிவான 1000ல செந்நீலம் ஏறும், ரோ ஃபைல்ல (பிறகு நிறம் மாத்தக் கூடின ஃபைல்) எடுத்தாலும் எல்லா நேரமும் அத சரிப்படுத்தேலாது.

ஃபோகஸ முதல்ல புடிச்சு மெனுவலுக்கு மாத்திட்டு அதுக்குப் பிறகுதான் ஃபில்டரப் போடுங்க, 1000 போட்ட பிறகு கமரா குருடுதான். டி.எஸ்.எல்.ஆர். எண்டா கண் வைக்கிற ஓட்டைய மூடுங்க, அதுக்குள்ளால வெளிச்சம் பூரும். கல்லடிப் பாலத்தில ட்ரைபொட் வைக்கிறவங்க வாகனம் போய் முடியுற வரைக்கும் பொறுங்க, பாலம் ஆடும்.

இனிச் சொல்லப் போறதுக்குத்தான் முக்கியமா எழுத வந்தன். கிழக்குக் கரைல இருக்கிற எங்களுக்கு சூரியன் கடலுக்குள்ளாலதான் எழும்பும், 1000 போட்டிருக்கு எண்டு வியூஃபைண்டருக்குள்ளால அத நேராப் பார்க்காதீங்க. வெளிச்சம் குறைஞ்சிருக்கும், கண்ணச் சுடுற அகச்சிவப்பு குறையாமலே வரலாம். சூரியனப் பார்க்கிற ஃபில்டர் வெளிச்சத்த லட்சத்தில ஒண்டாக்கும், இது ஆயிரத்தில ஒண்டுதான். லைவ் வியூவில, அதாவது பின் ஸ்கிரீன்ல பாருங்க.

மற்றது வான் கதவு. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாங்க எண்டா கீழ கல்லில நிக்கிற ஆக்களுக்கு தண்ணி கிடுகிடெண்டு ஏறும், நாங்க ஸ்கிரீனப் பார்த்து செக்கன் எண்ணிக்கிட்டு நிப்பம். வெள்ளத்துக்கு வாவி முகத்துவாரம் வெட்டி விட்ட நேரம் இதவிட மோசம், நிக்கிற மண் திட்டே அடியால அரிஞ்சு சரியும். படம் எடுக்காம தண்ணிய மட்டும் பார்க்க ஒரு ஆளக் கூட்டிப் போங்க. கிட்டப் போகாட்டி படம் வராது எண்டும் இல்ல, 70-200 மாதிரி தூர லென்ஸில 8ஐப் போட்டு கரைல தள்ளி நிண்டு எடுத்தாலும் அதே இழை வரும், காத்துக்கு லென்ஸ் ஆடாம கழுத்துப் பட்டிய மட்டும் கழட்டி வைங்க.