நிலத்துக்கு எதற்குப் புனர்வாழ்வு?

கிரவல் தோண்டி முடித்த கிடங்குகளில் அந்த மண்ணுக்கே உரிய செடிகளை மறுபடி வளர்ப்பது பற்றி மட்டக்களப்பில் ஒரு கூட்டம். கையில் தந்த துண்டறிக்கையின் தலைப்பு ‘சுரங்க நிலப் புனர்வாழ்வு’. இந்தத் தொடர் என் கண்ணில் படுவது இது நாலாவது தடவை. பக்கத்தில் இருந்த பெரியவர் குனிந்து, “தம்பி, இங்கே யாரை அடைத்து வைத்திருந்தார்கள்?” என்று கேட்டார்.

அவர் கேலி செய்யவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் புனர்வாழ்வு என்றால் முகாமுக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளின் கதைதான்.

மூலச்சொல் ரிஹாபிலிட்டேஷன். இலத்தீனில் ‘ஹாபிலிஸ்’ என்றால் தகுதியானது; மீண்டும் தகுதியாக்குவது என்பதே பொருள். ‘வாழ்வு’ நாம் ஒட்டியது. ‘புனர்’ வடமொழி என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ‘தாவரம்’கூட ‘ஸ்தாவர’த்திலிருந்து வந்ததுதான். நிலைத்திணை என்று அழகான சொல் உண்டு; கூட்டத்தில் சொன்னால் அரைவாசிப் பேர் விழிப்பார்கள்.

‘மீள்காடாக்கம்’ என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அங்கே காடு எப்போது இருந்தது? காரையும் சூரையும் ஆவரையும் நின்ற பற்றை அது. சொல் பிழைத்தால் வேலையும் பிழைக்கிறது: காடாக்கம் என்றதும் தேக்கங்கன்றுகளை வரிசையாக நட்டுப் படம் எடுத்துவிடுகிறார்கள். செய்யவேண்டியதோ வேறு. தோண்டும் முன்பே மேல்மண்ணை வழித்தெடுத்து, சுணங்காமல் திரும்பப் பரப்ப வேண்டும். அந்த மண்ணில்தான் விதைகள் உறங்குகின்றன. குவியலாக நெடுநாள் கிடந்தால் செத்துவிடும். மேற்கு அவுஸ்திரேலியாவின் பொக்சைற்றுச் சுரங்கங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே இருந்தது ஜரா என்ற யூக்கலிப்டஸ் மரக் காடு, ஆகவே காடு என்கிறார்கள்.

‘நில மீட்பு’ என்றால் காணிப் பிரச்சினை நினைவுக்கு வரும். நான் சொன்னது ‘பற்றை மீட்பு’. ஏற்பாட்டாளர் சிரித்தார்: “பற்றை வெட்டுகிறதுக்கல்லவா, ஐயா? நிதி தருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” நிதி தருகிறவர் தமிழ்த் துண்டறிக்கையை எந்தக் காலத்தில் வாசித்தார்? இரவு ஆங்கிலத்தில் வந்ததை விடியுமுன் தமிழாக்கித் தரச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பவரும் பழைய அறிக்கையில் கிடந்த சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாகரைப் பக்கத்துக் கடற்கரை மணலுக்குப் பற்றை பொருந்தாது. அங்கே மணலைப் பிடித்து வைத்திருப்பவை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். அதற்குக் ‘கொடி மீட்பு’ என்று எழுதலாம்தான். பொலிஸ் வந்து எந்தக் கொடி என்று கேட்கும்.