பள்ளிக் கட்டடம்: வர்ணம் பூசும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

புதிய வகுப்பறை கட்டவோ பழைய கட்டடத்தைச் சீரமைக்கவோ முடிவெடுத்து வரும் தாளாளர்களும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும், முன்னாள் மாணவர் சங்கத்தினரும் பெரும்பாலும் ஒரே மாதிரியான பட்டியலோடுதான் வருகிறார்கள். மாடியில் இரண்டு அறை எடுக்க வேண்டும், தரைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டும், முகப்பில் ஒரு வளைவு வேண்டும், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இந்த ஆசைகளில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் திறப்பு விழா அன்று கண்ணில் படுபவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் படிக்கட்டையும் கழிப்பறையையும் மழைநீர்க் குழாயையும் முடித்துக்கொள்ளும் வழக்கம் மாற வேண்டும் என்பது, பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தும் வடிவமைத்தும் வரும் பொறியாளன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

மாடி எழுப்புவதிலிருந்தே தொடங்கலாம். "அஸ்திவாரம் மூன்று மாடிக்குப் போட்டதுதான் சார்" என்பார் நிர்வாகி. வரைபடத்தைக் கேட்டால், கட்டிய மேஸ்திரி இப்போது இல்லை என்பதே பதிலாக வரும். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால், பிற்காலத்தில் மாடி எடுப்பதற்கென்று விட்டுவைத்த தூண் கம்பிகள் நான்கு நான்காக நீட்டிக்கொண்டு நிற்கும். பத்துப் பதினைந்து மழைக்காலம் கண்ட அந்தக் கம்பியைச் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிரும். கம்பி கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் சுற்றிலும் மெல்லிய இடைவெளி விழுந்திருக்கும். அதன் வழியே ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் தூணுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டித் தூணை உயர்த்துவதற்கு முன், அஸ்திவாரத்தின் ஓரத்தில் குழி தோண்டி அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளக்க வேண்டும். மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன கனத்தில் இருக்கிறது என்பதைக் கருவி வைத்துக் கண்டறிய வேண்டும். இவற்றில் எதையும் பார்க்காமல் "தாங்கும்" என்று சொல்பவர், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், ஊகத்தையே சொல்கிறார்.

சீரமைப்புப் பணிகளில் நான் மிகவும் அஞ்சுவது, உதிர்ந்த கூரைப் பூச்சை மீண்டும் பூசி மறைப்பதைத்தான். பூச்சு தானாக உதிர்வதில்லை. நல்ல கான்கிரீட்டுக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அந்தக் காரம் இருக்கும் வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. துருவேறிய இரும்பு பல மடங்கு பெருகும் என்பதால், அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் பிளந்து, பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழுகிறது. இதைச் சோதிக்கக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலே போதும். கூரையின் அடிப்பக்கத்தில் சிறிது கான்கிரீட்டை உளியால் பெயர்த்து, புதிதாக உடைந்த பரப்பில் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி நொடிப்பொழுதில் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். அந்த நிறமற்ற பட்டை கம்பி வரை எட்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. எட்டிவிட்டிருந்தால், துருவை முழுவதுமாகச் சுத்தம் செய்து, தேய்ந்த கம்பிக்கு ஈடாகப் புதுக் கம்பி சேர்த்து, உரிய கலவையால் நிரப்ப வேண்டும். அது பயன் தராத நிலையென்றால் கட்டடத்தை இடிக்கப் பரிந்துரைக்க வேண்டும். சிமெண்ட் பூச்சும் வெள்ளையும் அடித்துவிட்டால், அடுத்த முறை பெயர்வது வகுப்பு நேரமா விடுமுறை நாளா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கசிவுக்கும் இதே கதைதான். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையும் அதன் மேல் தட்டோடும் பதித்த பழைய தளங்களில், ஓடுகளின் இணைப்புகளில் விரிசல் விட்டிருக்கும்; மழைநீர்க் குழாயின் வாயை அரச இலையும் பந்தும் அடைத்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு நாள் ஆள் விட்டு இதைச் சரிபார்க்கும் பள்ளிகள் குறைவு.

தப்பிச் செல்லும் வழியைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. அந்த மாடிக்கு இருந்தது குறுகிய படிக்கட்டு. அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளுக்கு உட்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த விதித்தொகுப்பு பள்ளிகளுக்குக் கேட்பது பெரிய ஆடம்பரம் ஒன்றுமில்லை: படிக்கட்டு குறைந்தது 1.5 மீட்டர் அகலம், ஒரு படியின் மிதி 30 செ.மீ., உயரம் 15 செ.மீ.க்கு மிகாமை, 45 பேருக்கு மேல் அமரும் அறைக்கு இரண்டு வாசல். கீற்றுக் கூரை போய்விட்டது. ஆனால் படிக்கட்டின் அடியில் மின்பலகையை வைத்து அதன் முன்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்குவதும், இரண்டாவது படிக்கட்டுக்கு மடக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் மேசைக்குள் வைப்பதும் இன்னும் போகவில்லை. பூட்டிய படிக்கட்டு வரைபடத்தில்தான் படிக்கட்டு.

பெரிய கட்டடத்துக்குப் பொறியாளர் உண்டு. சின்னச் சுவருக்கு யாருமில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். மறைப்புச் சுவர், சைக்கிள் நிறுத்தத்தின் தூண், மேடை, தண்ணீர்த் தொட்டியின் பீடம் போன்றவை பெரும்பாலும் யாருடைய வரைபடத்திலும் இடம்பெறாமல், மிஞ்சிய செங்கல்லைக் கொண்டு ஓரிரு நாளில் எழும்பிவிடுகின்றன. மாணவர்கள் சாய்ந்து நிற்பதும் ஏறி உட்காருவதும் இவற்றின் மேல்தான். வளாகத்தில் எழும் ஒவ்வொரு சுவரும், அது இடுப்பு உயரமே ஆனாலும், முறையான அஸ்திவாரத்தோடு வரைபடத்தில் இடம்பெற வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

புதிய கட்டடமென்றால் திசை முக்கியம். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். மேற்குக் கோடியில் படிக்கட்டையும் பொருள் வைப்பறையையும் அமைத்துவிட்டால், பிற்பகல் மூன்று மணி வெப்பத்தை அவை வாங்கிக்கொள்ளும். வடக்குப் பக்கத்துக்கு சன்ஷேடு தேவையில்லை என்று வட இந்திய வரைபடங்களைப் பார்த்துச் சொல்வோர் உண்டு. நம் அட்சரேகையில், ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. தெற்கே போகப்போக இந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே இரு பக்கமும் நிழல் வேண்டும். வகுப்பறைக்குள் அடிக்கடி காணும் இன்னொரு குறை, மின்விசிறிக்கு மேலே குழல்விளக்கைப் பொருத்துவது. விசிறியின் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்க, நோட்டுப் புத்தகத்தின் மேல் நிழல் படபடத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தலைவலி என்பார்கள், கண்ணாடி மாற்றுவார்கள். விளக்கை விசிறிகளுக்கு இடையில், விசிறியின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டால் தீர்ந்தது.

சாய்தளத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சாய்வு 12-க்கு 1 இருக்க வேண்டும். தரைமட்டம் 2 அடி உயரமென்றால் சாய்தளம் 24 அடி நீளம் வரும். நடைமுறையில் படியின் ஓரத்தில் 6 அடிக்குச் சிமெண்ட் பூசி, நீலப் பலகை மாட்டி, ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இருவர் வேண்டும், இறக்கினால் விபத்து. இடத்தை முதலிலேயே ஒதுக்காவிட்டால் பின்னால் 24 அடிக்கு எங்கும் இடம் கிடைக்காது. கழிப்பறையிலும் இப்படித்தான்: தண்ணீர்க் குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல், பழுது பார்க்க ஓர் ஆள் நுழையும்படி பின்புறம் குறுகிய இடைவழி விட்டால், கசிவு ஒன்றுக்காகச் சுவரை உடைக்க வேண்டியிராது. பெண் குழந்தைகளின் கழிப்பறையில் நாப்கின் அகற்றும் வசதியும், உள்ளே தாழ்ப்பாளும், போதிய வெளிச்சமும் இல்லையென்றால், அவர்கள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதை ஆசிரியைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகக் கால அளவு. கோடை விடுமுறைக்குள் கூரை போட்டு முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், மே மாத இறுதியில் கான்கிரீட் போட்டு ஜூன் முதல் வாரத்தில், கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கச் சொல்கிறார்கள். இந்தியத் தர நெறிகளின்படி, 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்தின் முட்டுகள் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீம் என்றால் 21 நாள். இன்று பரவலாகக் கிடைக்கும் கலப்புச் சிமெண்ட்டுக்கு நீராற்றுதலும், அதாவது கான்கிரீட்டைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருப்பதும், 10 நாளுக்குக் குறையக் கூடாது. வகுப்பறை அளவு இந்த எல்லைகளுக்கு அருகிலேயே இருப்பதால், திறப்பு விழாவுக்கு அமைச்சரின் தேதியை வாங்குவதற்கு முன் கான்கிரீட்டின் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கையும் எல்லா நிர்வாகங்களும் கோப்பில் வைத்திருக்கின்றன. அங்கீகாரம் புதுப்பிக்க அவை வேண்டும். அதே கோப்பில் மண் பரிசோதனை அறிக்கை, அஸ்திவாரம் மற்றும் கம்பி வரைபடம், கூரை போட்ட நாளன்று எடுத்த ஒளிப்படங்கள், கான்கிரீட் மாதிரிக் கட்டிகளின் சோதனை முடிவு ஆகியவற்றையும் ஒப்பந்ததாரரிடமிருந்து வாங்கிச் சேர்த்த பிறகே அவருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.