துப்பாக்கி வாங்கும் முன் தோட்டாவை விசாரியுங்கள்

மான் சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நம்மவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். யாரிடமோ பழையதாக வாங்கிய ரைஃபிள் கையில். "அண்ணா, இந்த ஸ்கோப்பைக் கொஞ்சம் பாருங்க, குறி நிக்கவே மாட்டேங்குது" என்றார். சுட்டுப் பார்த்த அட்டையையும் கொண்டுவந்திருந்தார். ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. இரண்டு மூன்று ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தன. குண்டு நேராகப் போகாமல் சாய்ந்துகொண்டே போயிருக்கிறது. அதை எந்த ஸ்கோப்பும் செய்யாது.

குழலில் .244 ரெமிங்டன் என்று தோட்டாவின் பெயர் பொறித்திருந்தது. அவர் வாங்கியிருந்த பெட்டியில் 6 மி.மீ. ரெமிங்டன், 100 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு). பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே தோட்டாதான். துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, கம்பியின் மேல்பக்கம் ஒரு டேப் துண்டை ஒட்டிக் குழலுக்குள் மெல்லத் தள்ளினேன். உள்ளே குண்டைச் சுழல வைக்கும் திருகு வரிகளான புரியோடு கம்பியும் திரும்பியது. டேப் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்தபோது கம்பி 12 அங்குலம் உள்ளே போயிருந்தது. சரி, விஷயம் புரிந்துவிட்டது: இந்தப் புரி 100 கிரெயின் குண்டைப் போதிய அளவு சுழற்றவில்லை.

கனடாவில் இந்த வேலையில் 15 வருடமாக இருக்கிறேன். புதிதாக வேட்டை லைசென்ஸ் எடுக்கும் நம்மவர்கள் துப்பாக்கியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், தோட்டாவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. துப்பாக்கி உங்கள் பேரன் காலம் வரை உழைக்கும். அதற்கான தோட்டா அதுவரை கடையில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அந்த .244-ஐயே எடுத்துக்கொள்வோம். 1955-ல் அமெரிக்காவில் வின்செஸ்டர் .243-ஐயும் ரெமிங்டன் .244-ஐயும் கொண்டுவந்தன. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். ரெமிங்டன் தோட்டாவின் கூட்டில், அதாவது குண்டைத் தாங்கும் உலோக உறையில், வெடிமருந்து சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். காகிதத்தில் பார்த்தால் அதுதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் வயலைக் கெடுக்கும் சிறு பிராணிகளைச் சுடத்தான் இதை வாங்குவார்கள் என்று ரெமிங்டன் கணக்குப் போட்டு, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று புரி வைத்தது. 90 கிரெயின் வரையிலான குண்டுக்கு அது போதும். வின்செஸ்டர் வைத்தது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, கூடவே 100 கிரெயின் குண்டும் கொடுத்தது. வாங்குகிறவர் வீட்டில் இருப்பது ஒரே துப்பாக்கி. கோடையில் சிறு பிராணிக்கும் இலையுதிர் காலத்தில் மானுக்கும் அதுவே உதவ வேண்டும். அவர் எதை எடுப்பார்? ரெமிங்டன் பிறகு புரியை 9 அங்குலமாக மாற்றியது, 1963-ல் 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியது. அதற்குள் கடை அலமாரியில் .243 உட்கார்ந்துவிட்டது.

விற்பதைத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். கடையில் கிடைக்கிற தோட்டாவுக்குத்தான் நிறுவனங்கள் துப்பாக்கி செய்யும். அந்தத் துப்பாக்கிகள் பெருகினால் தோட்டா இன்னும் விற்கும். இந்தச் சக்கரத்தில் ஒருமுறை ஏறாமல் விட்டால் பிறகு ஏறுவது மிகவும் கடினம்.

இதே கதை நம் காலத்திலும் நடந்தது. 1997-ல் .260 ரெமிங்டன் வந்தது. நல்ல தோட்டா, இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. ஆனால் அதன் கூடு 2.035 அங்குல நீளம். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் சுமார் 2.8 அங்குல மேகசினுக்குள் அடங்க வேண்டுமென்றால் நீண்ட, ஒல்லியான குண்டுகளைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். 2007-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூரின் கூடு 1.92 அங்குலம்தான். அந்த 3 மி.மீ. குறைவில்தான் நீண்ட குண்டுக்கு இடம் கிடைத்தது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று புரியும் ஆரம்பத்திலேயே வழக்கமாகிவிட்டது. கடையில் வாங்கிய பெட்டியைக் கொண்டே போட்டிக்குப் போகலாம். தொடக்கத்தில் எந்த மருந்து, எவ்வளவு என்பதைக்கூடப் பெட்டியிலேயே அச்சிட்டார்கள். அப்புறம் தோளில் உதை குறைவு என்று வேட்டைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. குண்டு, புரி, மேகசின் மூன்றையும் ஒன்றாக யோசித்ததுதான் கிரீட்மூரின் பலம்.

எல்லாமே திட்டமிட்டு ஜெயித்தவை அல்ல. கனடாவில் .303 பிரிட்டிஷ் இன்னும் நிற்பதற்குக் காரணம், போருக்குப் பின் ராணுவம் கழித்த லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் மலிவாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. 1957-ல் வந்த .280 ரெமிங்டன் சரியாக விற்கவில்லை என்று 1979-ல் அதற்கு 7 மி.மீ. எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஏற்கெனவே 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்ற வேறொரு பருத்த தோட்டா சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம். ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். மேக்னம் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் இந்த ஒல்லித் தோட்டா லொடலொடவென்று நிற்கும். சுட்டால் கூடு கிழிந்து சூடான வாயு சுடுகிறவர் முகத்துக்கே திரும்பலாம். ஆபத்தை உணர்ந்து 1981-ல் பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஆனால் எக்ஸ்பிரஸ் என்று பொறித்த துப்பாக்கிகளும் பெட்டிகளும் பழைய அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. குழலில் உள்ள எழுத்தையும் தோட்டாவின் அடியில் உள்ள எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் சுடவே சுடாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள்.

பழைய துப்பாக்கிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, அந்தத் தோட்டா இருக்கிறதா, எந்த எடைக் குண்டில், என்ன விலை என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

அந்தத் தம்பி துப்பாக்கியை வாங்கிய பிறகுதான் கேட்டார். இரண்டு கடைகளில் 100 கிரெயின்தான் இருந்தது, மூன்றாவது கடையில் அதுவும் இல்லை. அந்த சீசனுக்கு நண்பரின் .243-ஐ இரவல் வாங்கிக்கொண்டு போனார். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து தோட்டா நிரப்பக் கற்றுக்கொண்டார். மார்ச்சில் 85 கிரெயின் குண்டில் அவரே நிரப்பிய ஐந்தைச் சுட்டு அட்டையை எடுத்துவந்தார். ஐந்து ஓட்டையும் வட்டம். ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.