கூரையில் சோலார் ஓடுகிறது, பில்லில் ஏன் வரவு இல்லை?

சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் தரைவீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் நான்கு மாத மின்கட்டண பில்களை மேசையில் வரிசையாக வைத்தார். கூரையில் 24 தகடுகள். மதியம் செயலியைத் திறந்தால் 7 கிலோவாட் ஓடுகிறது. பில்லிலோ வெளியே போன மின்சாரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. “எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கிறோம்னு சொன்னாங்க தம்பி” என்றார். விசாரித்தால், தகடு மாட்டியாயிற்று, இணைப்பும் கொடுத்தாயிற்று, வரவு வைப்பதற்கான பதிவை மட்டும் யாருமே செய்யவில்லை. கேட்டால் தகடு மாட்டிய நிறுவனம் மின்பணியாளரைக் கைகாட்டியது; அவர் நிறுவனத்தைக் கைகாட்டினார். நான்கு மாத மின்சாரம் போனது போனதுதான்.

மிஞ்சும் சூரிய மின்சாரத்துக்குப் பில்லில் வரவு தரும் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 மெகாவாட்டுக்குக் குறைந்த சூரிய மின்சாரத்துக்கு உற்பத்தி உரிமம் வேண்டாம். வீட்டில் பயன்படுத்தியது போக மிஞ்சுவது மின்கட்டமைப்புக்குள் போகும். மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடம் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்குபவராக இருந்தால், அதற்கான தொகை உங்கள் மாத பில்லில் வரவாகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதற்காக யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். புளோக்கின் கூரை உங்களுடையதல்ல. அங்கே இருக்கும் தகடுகள் சோலார்நோவா போன்ற அரசுத் திட்டங்களில் வைக்கப்பட்டவை. அந்த மின்சாரம் மின்தூக்கிக்கும் பொது விளக்குகளுக்கும் போகிறது, உங்கள் பில்லில் தெரியாது. கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியிலும் கூரை பொதுச் சொத்து, நிர்வாகக் குழு சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது. ஆக, தனி ஆளாக விண்ணப்பிக்க வழி இருப்பது பெரும்பாலும் தரைவீட்டுக்காரர்களுக்குத்தான்.

அடுத்தது கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர் வெயிலில் 1 கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். விற்பனையாளர் அதை அப்படியே முழுக் கட்டணத்தால் பெருக்கி, “ஆண்டுக்கு இவ்வளவு மிச்சம்” என்று காட்டுவார். ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழியும் என்ற கணக்கு இங்கே கிடையாது. நீங்கள் அனுப்பும் யூனிட்டுக்கு, கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். இரவில் ஏர்கானுக்கு வாங்கும் யூனிட்டுக்கோ முழு விலை, அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. பகலில் வீடு பூட்டிக் கிடந்தால் பெரும்பகுதி அந்தக் குறைந்த விலைக்குத்தான் போகும். பகலில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, சரி, துணி துவைப்பதையாவது மதியத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொரு பொறி, சில்லறை மின்விற்பனையாளர். எஸ்பி குழுமத்தை விட்டு வேறு நிறுவனத்திடம் மின்சாரம் வாங்க வழிவிடும் திறந்த மின்சாரச் சந்தையில் மலிவு விலை பார்த்து மாறியவர்கள் வேறு திட்டத்துக்குள் போய்விடலாம். அதில் நீங்கள் அனுப்பும் மின்சாரத்துக்கு அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் மொத்தச் சந்தை விலைதான். மாறுவதற்கு முன், “என் உபரி மின்சாரத்துக்கு எந்த விலை?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை அப்புறம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி படிவங்கள். விண்ணப்பத்தை நீங்களாகப் போட முடியாது, உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் எஸ்பி குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் பெயர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையப்பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. இணைப்புக்கு ஒப்புதல், சோதனை, வரவுக்கான பதிவு, போகும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டர் என்று ஒவ்வொன்றும் தனி வேலை. ஒன்று முடிந்தால் மற்றதும் தானாக முடிந்துவிடும் என்று நம்பியதால்தான் அக்கா மாட்டிக்கொண்டார். மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடும் கணக்குகள் நம் வீடுகளில் ஏராளம். முதலில் அதை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைய வேண்டிவரும். பழைய ஓட்டுக் கூரையாக இருந்தால், எடை தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பின்னால் ஒழுகினால் தகடுகளைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

“கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின்கட்டமைப்பில் தடை வந்தால், பழுது பார்ப்பவர்களின் உயிர்ப் பாதுகாப்புக்காக, தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரியும், தடையின்போது தனித்து இயங்கும் அமைப்பும் இல்லாத வீடு, நல்ல வெயிலிலும் அக்கம்பக்கத்தைப் போலவே இருட்டில்தான் இருக்கும்.

கடைசித் தவணையை மட்டும் பிடித்து வையுங்கள். “வரவு வரி உள்ள முதல் பில் வந்த பிறகே மீதித் தொகை” என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த அக்கா இதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவர் சொல்லிக் கேட்டுச் செய்தார். அவருடைய பதிவு இரண்டே வாரத்தில் முடிந்தது.